இறங்காத விமானத்துக்கு விரித்த துணி

ஓடைப்பட்டி
9 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய பொன்னுராஜ் மாமாவுக்கு,

சீனிச்சாமியின் மகள் வேல்விழி எழுதுகிறேன். நாசிக்கில் நீங்களும் சுகிர்தம் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருப்பேன். இப்போது நாற்பத்து நான்கு வயது. தேனியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியை. அப்பாவுக்காக நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா இறந்து சில வருடங்களாகின்றன. எனக்கு ஒரு திருமணம் நடந்தது, இப்போது இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

நீங்கள் வருடந்தோறும் அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். "யாரு? யாரு பேசுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு மறதி நோய். முதலில் சாவி, கண்ணாடி. பிறகு அம்மா இறந்தது. இப்போது என் பெயர். ஆனால் தைப் பொங்கலுக்குப் பிறகு புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் திராட்சைக் கொடி வயதாகிப்போனதால் போன வருடம் பந்தலைப் பிரித்து, கல்தூண்களையும் எடுத்துவிட்டோம். அந்த வெற்று நிலத்துக்கு அப்பா காலையில் வேட்டிகளோடு போகிறார். இரண்டு வேட்டியை நீளமாகவும் ஒன்றைக் குறுக்காகவும் விரிக்கிறார். ஓரங்களில் கல் வைக்கிறார். பிறகு பொழுது சாயும்வரை வானத்தைப் பார்த்து நிற்கிறார். தனியாக விரிக்க முடியாது என்பதால் என்னைக் கூப்பிடுகிறார். எப்படித் தெரியுமா? "பொன்னு, அந்த முனையைப் பிடிலே."

பக்கத்துத் தோட்டத்துப் பவுனு அக்கா நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒங்கப்பன் கொக்குக்கு வேட்டி காயப்போடுறாரா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா தன் பட்டாள வாழ்க்கையைப் பற்றி எங்களிடம் எதுவுமே சொன்னதில்லை. அவரோடு பட்டாளத்தில் இருந்த உங்களுக்கு இது என்னவென்று தெரியும் என்று நினைக்கிறேன்.

பதில் எதிர்பார்க்கும்,
வேல்விழி

●

நாசிக் ரோடு
27 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் வேல்விழிக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் காது இஞ்சின் சத்தத்திலேயே போய்விட்டது. போன் வந்தால் உன் அத்தை எடுத்துக் கேட்டு, பிறகு என் காதில் கத்துவாள். தெரு முழுக்க எங்கள் குடும்ப விஷயம் தெரிந்துவிடும். கடிதமே நல்லது.

நீ சொல்லும் துணி 'லேண்டிங் டி'. ஆங்கில டி எழுத்து மாதிரி விரிப்பது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் குறுக்குத்துணி இருக்க வேண்டும். மேலேயிருந்து பார்க்கிற பைலட் அதை வைத்துக் காற்றுக்கு எதிராக இறங்குவார். காற்று திரும்பினால் துணியையும் திருப்ப வேண்டும். எங்கள் விமானத்துக்குப் பெயர் கிருஷக். உழவன் என்று அர்த்தமாம். அம்பாசிடர் காரைவிடக் கனம் குறைவு. குண்டு கிடையாது, துப்பாக்கி கிடையாது. பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலே வட்டமடித்துப் பார்த்து, தள்ளிப் போடு, கிட்டப் போடு என்று ரேடியோவில் சொல்வதுதான் அதன் வேலை. இஞ்சினை விமானப்படை ஆட்கள் பார்த்தார்கள். களத்தைச் சமப்படுத்துவதும் டி விரிப்பதும் நானும் உன் அப்பாவும். நான் போடி கடைத்தெருவில் பிறந்தவன், மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. "ஏலே பொன்னு, நீ தராசு பிடிக்கத்தான் லாயக்கு" என்பான் சீனி.

எழுபத்தொன்று டிசம்பரில், பாகிஸ்தான் சண்டையின்போது, பஞ்சாப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தை வெட்டிக் களமாக்கியிருந்தோம். எங்கள் பைலட் கேப்டன் பார்வே ஒரு மத்தியானம் ஏறிப்போனார். திரும்பவில்லை. சாயங்காலம் யூனிட் இடம் மாற உத்தரவு வந்தது. எல்லோரும் ஒரே வண்டியில் வந்துவிட்டோம். துணி அங்கேயே கிடந்துவிட்டது. அதுதான் அவன் மனதில் தங்கியிருக்கும்.

ஈஸ்டர் முடிந்ததும் வருகிறேன். சீனியைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. அத்தை உன் நலம் விசாரித்தாள்.

பொன்னுராஜ்

●

ஓடைப்பட்டி
14 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் நல்ல வேலைக்காரியாகிவிட்டேன். அப்பா ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே விடுவார். அது பறக்கும் திசையைப் பார்ப்பார். "மேக்க இருந்து வருது. தலைத்துணிய அங்கன கொண்டு போ." நான் கொண்டுபோவேன். வேட்டிகளுக்கு நீலம் போடச் சொல்கிறார். மேலேயிருந்து தெரிய வேண்டுமாம்.

இந்த வேலை நடக்கும்போது அப்பா நன்றாக இருக்கிறார், மாமா. வார்த்தை தடுமாறுவதில்லை, கை நடுங்குவதில்லை. என்னை அதட்டுகிறார். நான் பதிலுக்கு முணுமுணுத்தால் சிரிக்கிறார். வீட்டுக்குள் வந்துவிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் காலையில் அந்தக் கூப்பிடுதலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஆனால் அப்பா வெயிலை விட்டு நகர்வதில்லை. குடை பிடித்தால் தட்டிவிடுகிறார், வானம் மறைகிறதாம். போன வாரம் மத்தியானம் அப்படியே சரிந்துவிட்டார். சின்னமனூரில் மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டார், நிலத்துக்குப் போகவிடாதீர்கள்" என்றார் மருத்துவர். வீட்டைப் பூட்டி வைத்தேன். கதவில் தலையை மோதிக்கொண்டார். திறந்துவிட்டேன்.

விமானம் வராது என்று சொல்லியும் பார்த்தேன். எந்தப் பொய்யனிடமிருந்து இந்தச் செய்தி வந்தது என்கிறார். அவர் மதிக்கும் ஓர் ஆள் நேரில் வந்து, போதும், துணியை எடு என்று சொன்னால்தான் நடக்கும். கோடை முற்றுவதற்குள் வந்துவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

வேல்விழி

●

நாசிக் ரோடு
6 ஏப்ரல் 2025

அன்பு மருமகளுக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். சீனி விழுந்தான் என்று படித்ததும் சோறு இறங்கவில்லை.

எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. இரண்டு ரயில் மாற வேண்டும். கொஞ்சம் தணியட்டும். அதற்குள் நீயே ஒன்று செய். விறைப்பாக நின்று, சத்தமாக, "கன்னர் சீனிச்சாமி! டி உட்டாவ்!" என்று சொல். கன்னர் என்றால் பீரங்கிப்படைச் சிப்பாய், மற்றது துணியை எடு என்று அர்த்தம். பட்டாளத்தான் உத்தரவு கேட்டால் கை தானாக வேலை செய்யும்.

மோரில் உப்புப் போட்டுக் கொடு. தலைக்கு ஈரத்துண்டு.

பொன்னுராஜ்

●

ஓடைப்பட்டி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஈஸ்டர் வாழ்த்துகள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். பவுனு அக்கா பார்க்காத நேரமாகப் பார்த்து, விறைப்பாக நின்று கத்தினேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏலே பொன்னு, நீயும் கன்னரு, நானும் கன்னரு. நீ என்னலே எனக்கு ஆர்டர் போடுறது? பிளேன் இறங்கணும். இல்ல, கேப்டன் சாப் வந்து சொல்லணும். அதுவரைக்கும் ஒங்கப்பன் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

எங்கப்பன்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெகுநாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அந்த நிலத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை என்பது தெரிந்தது.

வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் நாலைந்து வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. இடுப்பு எலும்பு தெரிகிறது. வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் வந்தீர்களானால் நல்லது. எந்த ரயில் என்று எழுதினால் நான் தேனிக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன்.

வேல்விழி

●

ஓடைப்பட்டி
28 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் போன கடிதம் வந்து சேர்ந்ததா? உடம்பு முடியாமல் இருக்கிறீர்களோ என்று கவலையாக இருக்கிறது.

திருவிழா முடிந்துவிட்டது. ஊரே வீரபாண்டிக்குப் போய் அக்கினிச்சட்டி எடுத்துத் திரும்பியது. நாங்கள் போகவில்லை. அப்பா இன்னொரு முறை மயங்கினார். அன்று மேகம் போட்டிருந்ததால் தப்பினார். மகள் என்று ஒருத்தி இருக்கும்போது ஒரு கிழவர் வெயிலில் நிற்கலாமா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். நான் அவரோடு நிற்கிறேன் என்பது யாருக்கும் கணக்கில்லை.

ஒன்று கேட்க வேண்டும். சாயங்காலம் சின்னமனூர் மினிபஸ் கிளம்பும் சத்தம் தோட்டம்வரை கேட்கும். அப்போது அப்பா சட்டென்று என் பக்கம் திரும்புகிறார்.

"நீ போகலையாலே?"

"எங்க?"

"வண்டி கெளம்புதுல்ல. எல்லாரும் ஏறிட்டாக."

"நான் போகல."

அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிக்கிறார். தினமும் இதே பேச்சு. எல்லோரும் ஒரே வண்டியில் வந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நோயினால் ஏதோ குழப்பிக்கொள்கிறார் போல.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

வேல்விழி

●

நாசிக் ரோடு
11 ஜூன் 2025

என் தங்க மருமகள் வேல்விழிக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. உன் சுகிர்தம் அத்தை எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம்தான். எதற்கும் கேட்காத அவர் காது இதற்கு மட்டும் கேட்டுவிடும்.

அவருக்கு முழங்காலில் ஒன்றுமில்லை. தினமும் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறார். மூன்று முறை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தார். மூன்றையும் ரத்து செய்துவிட்டார். "எதுக்கு?" என்றால், "மழை" என்றார். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை அப்போது. உன் கடைசிக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். துவைக்கப் போடும்போதுதான் எடுத்துப் படித்தேன். மன்னித்துக்கொள்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன என்று எனக்குத் தெரியாது. அம்பது வருஷமாக வருஷம் தவறாமல் அட்டை போடுகிறார், ஒரு தடவைகூட நேரில் போய் நின்றதில்லை. உங்கள் ஊருக்கு வந்தபோதுகூட அப்பா இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டுப் போனார். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இருபத்து நான்காம் தேதி நானே கொண்டுபோய் ரயிலேற்றிவிடுகிறேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொள்வேன், பாதி வழியில் இறங்கினால் மாற்றுவேட்டி இருக்காது. நீ பூட்டை உடைத்துக்கொள். அப்பாவுக்கு நான் ஜெபம் செய்கிறேன். உனக்கும்தான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

சுகிர்தம்

●

ஓடைப்பட்டி
6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

மாமா பத்திரமாக வந்து சேர்ந்ததாக நீங்கள் போனில் சொன்னது நிம்மதி. வந்ததிலிருந்து பேசாமல் இருக்கிறார், அங்கே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அவர் பக்கத்தில் இருந்ததால் போனில் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அன்று மேல்காற்று பேயாக அடித்தது. கல்லைப் புரட்டிவிட்டு வேட்டி எழும்பியது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றோம். மாமா மினிபஸ்ஸை விட்டிறங்கி, பெட்டியோடு வரப்பில் வந்தார். சாம்பல் நிறக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. நான் ஓடிப்போகலாம் என்றால் துணி பறந்துவிடும். அங்கேயே நின்று கையசைத்தேன்.

அப்பா அவரைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சாப்! ரொம்ப நேரமாயிருச்சு சாப்."

மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சீனி, நான்லே. பொன்னுராஜ்" என்றார். அப்பாவுக்கு அது ஏறவில்லை. கேப்டனுக்குத் தமிழ் தெரியாதே என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"இவன்தான் சாப் பொன்னுராஜ். அன்னைக்கு வண்டியேறிப் போயிட்டான். நான் இங்கன ஒத்தையில நின்னேன். கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. ஆனா இப்ப வந்துட்டான் சாப். தெனமும் என்கூடத்தான் நிக்கிறான். இவன் மேல புகார் ஒண்ணும் எழுதிராதீக."

காற்றில் மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "என்னத்தா சொல்றான்? காதுக்குள்ள சொல்லு."

அத்தை, அந்த நேரத்தில் நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனு ஒரு வார்த்தை குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற பார்வை. நான் மாமாவின் காதருகே வாய்வைத்து, அப்பா சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாகக் கத்தினேன். பொன்னுராஜ் என்ற பெயரையும் சேர்த்து.

அப்பா மறுபடி கேட்டார், "எழுத மாட்டீகள்ல சாப்?" இதை நான் கத்த வேண்டியிருக்கவில்லை.

"எழுத மாட்டேன்" என்றார் மாமா. பிறகு மெல்ல நிமிர்ந்து சல்யூட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஷாபாஷ், சீனிச்சாமி. டி உட்டாவ்."

அப்பா என்னைப் பார்த்து, "பொன்னு, அந்த முனையைப் பிடிலே" என்றார். நாங்கள் மடித்தோம். மாமா உதவ ஒரு முனையைத் தொட்டார். அப்பா பதறிப்போய், "நீங்க தொடக்கூடாது சாப்" என்று வாங்கிக்கொண்டார். பிறகு மாமா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

இரண்டு நாள் இருந்தார். அப்பா அவர் முன்னால் உட்காரவே இல்லை. கிளம்பும்போதும் சல்யூட்தான்.

அவரைத் திட்டாதீர்கள். நல்ல மனிதர், வந்தாரே.

வேல்விழி

●

நாசிக் ரோடு
2 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கு,

நானும் அத்தையும் இருக்கிறோம். இங்கே நல்ல மழை. சீனி எப்படி இருக்கிறான்? துணி விரிக்கிறானா? சாப்பிடுகிறானா?

உன் அத்தை முன்பெல்லாம் என்னை நாள் முழுக்க ஏசுவாள். இப்போது ஏசுவதே இல்லை. தட்டில் கேட்காமலே இரண்டாவது கரண்டி வைக்கிறாள். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

என் முதல் கடிதத்தை வைத்திருந்தால் அதில் ஒரு வரியை அடித்துவிடு. எந்த வரி என்று உனக்குத் தெரியும். உனக்கு இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமானால் கேள். எழுத முயற்சி செய்கிறேன்.

பொன்னுராஜ்

●

ஓடைப்பட்டி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து மனது லேசானது. அத்தை இன்னும் ஒரு மாதத்தில் ஏச ஆரம்பித்துவிடுவார், பயப்பட வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அப்பா உங்களுக்காகப் பேசியதைப் போல வேறு யாருக்காகவும் பேசி நான் கேட்டதில்லை. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனதிலிருந்து அப்பா துணியைத் தேடவில்லை. வெயிலுக்குப் போவதில்லை. மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேகமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொடுத்ததைச் சாப்பிடுகிறார். நன்றாகத் தூங்குகிறார். நாம் விரும்பியதுதான் நடந்திருக்கிறது.

நான் பழைய நேரத்துக்கே விழித்துவிடுகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. ஆறு மாதம் ஒரு மனிதர் என்னை அதட்டி, கேலி செய்து, போய்விடாதே என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அது நானில்லை, நீங்கள் என்பது தெரியும். இருந்தாலும் பதில் சொன்னது நான்தானே. உங்களை ரயிலேற்றியபோது பொன்னுராஜையும் சேர்த்து அனுப்பிவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கல்லூரியில் விடுப்பை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்த முறை அட்டை அனுப்பாதீர்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்பாவுக்காகக் கேட்கவில்லை, அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை இப்போது. எனக்காகத்தான் கேட்கிறேன்.

நேற்றுக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மரியாதையாக, வீட்டுக்கு வந்த அயலாரைக் கேட்பதுபோலக் கேட்டார்:

"ஒன் பேரு என்ன ஆத்தா?"

"வேல்விழி" என்றேன்.

"நல்ல பேரா இருக்கே. யாரு வச்சாக?"

அன்புடன்,
வேல்விழி